மேசை நிழலில் வைத்த வைரம்

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்குப் போடும் மோதிரத்தை அவரே வாங்குவார், அதைத் தேர்ந்தெடுக்க நானும் கூட வர வேண்டும்.

எங்கள் வீடு சிதம்பரத்தில். அவர்கள் கடலூர் முதுநகர். சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். அவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார், நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். பெண் பார்க்க வந்தபோது, மேசை விளிம்பில் இருந்த காபி டம்ளரை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. அவர்களுடையது அப்பா இல்லாத வீடு, சர்க்கரை வியாதியில் போய்விட்டார் என்றார்கள். அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான்.

வைரம் என்றதும் என் அம்மா பயந்துபோனாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் வைரம் போட்டதில்லை. "தங்கத்துல போட்டா போதாதா?" என்று அவரிடமே கேட்டாள்.

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்த. சின்னக் கல்லுதான். ஆனா நல்ல கல்லா இருக்கணும்" என்றார்.

நல்ல கல் என்றால் என்ன என்பதைப் பல நாள் உட்கார்ந்து படித்திருந்தார். போனில் பேசும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். மற்றவர்கள் காதலிக்கும் பெண்ணிடம் என்ன பேசுவார்களோ எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் வைரத்துக்குப் பட்டை தீட்டுவதைப் பற்றிப் பேசினார். கல்லின் எடையை எல்லாரும் கேட்பார்கள், பட்டையை யாரும் கேட்பதில்லை என்பார். மேலே விழுகிற வெளிச்சம் உள்ளே போய், அடிப்பக்கத்துப் பட்டைகளில் பட்டுத் திரும்பி, மறுபடி மேலேயே வந்து நம் கண்ணில் விழ வேண்டும். கல் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகிவிடும், நடுவில் கறுப்பாகத் தெரியும். ரொம்பத் தட்டையாக இருந்தால் அடிவழியே ஒழுகி, உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நான் தலையணையில் சாய்ந்துகொண்டு 'ம்' கொட்டுவேன். அந்தக் குரலில் இருந்த ஆசையை இப்போதும் என்னால் கேட்க முடியும்.

முதலில் சிதம்பரத்திலேயே ஒரு கடைக்குப் போனோம். அம்மாவும் கூட வந்தாள். கடைக்காரர் எடுத்து வைத்த கல் பார்க்கப் பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நடுவுல பாருங்க." பார்த்தேன். அவர் போனில் சொன்ன அதே கறுப்பு, கிணற்றுத் தண்ணீரை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் அம்மாவும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போனோம். திருப்பாதிரிப்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் காத்திருந்தார். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடை. அங்கே எங்களுக்குக் கல் காட்டிய பெண் பொறுமைசாலி. ஒரே எடையில் இரண்டு கற்களை எடுத்துத் துணிமேல் வைத்து, கண்ணில் இடுக்கிப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தாள்.

"நேரா மேலேந்து பாருங்க மேடம். அம்பு மாதிரி எட்டுக் கோடு தெரியும்."

எனக்குத் தெரிந்தது. கறுப்பு அம்புகள், பூவிதழ்போல் வட்டமாக நின்றன. இரண்டாவது கல்லைப் பார்த்தபோது, "இதுல ஒரு அம்பு கொஞ்சம் வளஞ்சிருக்கு" என்றேன்.

அந்தப் பெண் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ஆமா மேடம். உங்க கண்ணு ரொம்ப ஷார்ப்பு."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. என் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நான்கூட அதக் கண்டுபுடிக்கல அத்த" என்றார்.

பிறகு அவர் கூரையிலிருந்த குண்டு விளக்குகளைக் காட்டினார். "இந்த வெளிச்சத்துல எந்தக் கல்லும் மின்னும். அதுக்காகத்தான் இம்மாம் லைட் போட்டு வச்சிருக்காங்க. நல்லா தீட்டுன கல்லுன்னா நிழல்லயும் உயிரோட இருக்கணும்." அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு கற்களையும் உள்ளங்கையில் இடம் மாற்றி வைத்து, மேசைக்கு அடியில் கொண்டுபோனார். "இப்ப குனிஞ்சி பாருங்க. எது நல்ல கல்லு?"

நான் குனிந்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை. கல் இல்லை. கல்லை வைத்திருந்த கையும் இல்லை. வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வருகிற இருட்டு. மற்றவர்களுக்கு அது சீக்கிரம் விலகிவிடும். எனக்கு விலகாது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். மாலைக்கண் என்று வீட்டில் சொல்வார்கள். அம்மா முருங்கைக்கீரை பொரிப்பாள், ஈரல் வாங்கிச் சமைப்பாள், கேரட்டை அரைத்துக் கொடுப்பாள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எனக்கு மட்டும் இருந்த சட்டம். பகலிலும் நாற்காலியில் இடித்துக்கொள்வேன், பக்கத்தில் நீட்டிய தட்டைப் பார்க்காமல் தட்டிவிடுவேன். கவனம் பத்தாது என்று திட்டு விழும். ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு, மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்கிறவளுக்குக் கண்ணில் கோளாறு என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார்.

"வலது பக்கம் இருக்கறது" என்றேன்.

"அதேதான்!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கல்லையே வாங்கினோம். ஒரு மிளகைவிடச் சின்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.  ஆலப்பாக்கம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அங்க குனிஞ்சியே, தெரிஞ்சிதா உனக்கு?"

"தெரிஞ்சிது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தம் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மோதிரத்தைப் போட்டுவிட்டு அவர் வந்தவர்கள் எல்லாரிடமும் கல்லை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவுங்க கண்ணு என்னவிட ஷார்ப்பு" என்றார். அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இத்துனூண்டு கல்லுக்கா இவ்வளவு பேச்சு என்று கிண்டல் செய்தார். அவர் அதையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாலை, என்னையும் அம்மாவையும் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனார். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம் என்றுதான் அம்மா சொன்னாள். ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார், எனக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மா கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அவர் முன்னால் நடந்தார். அவர் சட்டையின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன். அவர் ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். நான் நேராகப் போய்ச் சோளம் சுடுகிற தள்ளுவண்டியில் மோதினேன். கரித்துண்டுகள் சிதறின. என் முழங்கை சுட்டுவிட்டது.

"கண்ணு தெரியல?" என்று வண்டிக்காரர் சத்தம் போட்டார்.

முன்னால் போனவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். வண்டியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவ்வளவு பெரிய வண்டி.

"நிஜமாவே தெரியலயா உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல. இருட்டுனா எனக்கு எதுவும் தெரியாது."

என் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார். "அன்னைக்கு மேசைக்கு அடியில?"

"அன்னைக்கும்தான்."

அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து ரோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. பஸ் ஏற்றிவிடும்போது, "டாக்டர்கிட்ட காட்டணும். கீரை சாப்பிட்டா போற விஷயமா தெரியல" என்றார்.

புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்கு அவரே நாள் வாங்கினார். என் அப்பாவுக்கு வேலை நாள் என்பதால் அம்மா, நான், அவர் மூன்று பேரும் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வந்த புள்ளிகளுக்கு அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வராமல் நீண்ட நேரம் போனது. கருவி நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இல்லம்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அங்கிருந்த பெண்.

டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார். "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?"

"எனக்கு அவரு தாய்மாமா" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். அம்மா இன்றைக்கும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

டாக்டரம்மா தலையசைத்தார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து வருகிறது, பிறவியிலேயே உடம்பில் இருப்பது, சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது ஜாஸ்தி என்றார். இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் எனக்குப் பார்வை இருக்கிறது. அதுவும் வருடங்கள் போகப் போகக் குறையும். எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. பிள்ளைகளுக்கு வருமா என்று அவர் கேட்டார். பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும், வராமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவர் நன்றி சொன்னார்.

வரும் வழியில் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முன் இருக்கையில். கடலூரில் அவர் இறங்கிப் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்து, அதற்குப் பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எங்க அம்மாதான் வெளில குடுக்க மாட்டேன்னு சொல்லி மாமாவுக்கே கட்டி வச்சிச்சி. எனக்கு என்னாடி தெரியும்? கீரையப் போட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"உன்ன யாரு என்ன சொன்னாங்க?" என்றேன். அவளைத் தேற்ற வேண்டியிருந்ததால் எனக்காக அழ அன்று நேரம் கிடைக்கவில்லை.

அவர் முன்போலவே போன் செய்தார். ஆனால் பேச்சு மாறிவிட்டது. சாப்பிட்டீர்களா என்பதற்குப் பதில், இன்றைக்கு எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்தபோது, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என் பக்கவாட்டில் கையை மெல்ல உயர்த்திப் பார்த்தார். அது எனக்குத் தெரியவில்லை, அம்மாதான் பிறகு சொன்னாள். அன்போடுதான் செய்திருப்பார். இருந்தாலும் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் அம்மா தனியாக வந்தார். நாங்கள் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கோச்சிக்காத கண்ணு. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரையில ரெண்டு கண்ணும் போச்சி. அத உங்ககிட்ட நாங்க சொல்லல. கடைசி வரைக்கும் நான்தான் கையப் புடிச்சி கூட்டிகினு போனேன். சோத்துல கறி எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லணும். ஒரு நாள் வெளிய போய்ட்டு லேட்டா வந்தா திட்டுவாரு, அப்பறம் அவரே அழுவாரு. அவரு மேல எனக்கு இருந்த பிரியமெல்லாம் எங்க போச்சின்னே தெரியல. செத்தப்ப ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்திச்சி. அந்தப் பாவம் இன்னும் என்ன அறுக்குது. எம்புள்ள அதெல்லாம் பாத்து வளந்தவன். வேணாம்னு அவன் வாயால சொல்ல மாட்டான். அதான் நான் வந்தேன்."

என் அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அம்மா அதை முழுவதும் குடித்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்த வாரமே அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். படிக்கட்டுக்குக் கீழே நின்று பேசினோம்.

"அம்மா வந்தாங்களாமே. நான் அனுப்பல."

"தெரியும்."

"அவுங்க சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. நான் குடுத்த வாக்குல மாற மாட்டேன்."

"உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

 பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இருக்கு. ராத்திரியில முழிப்பு வந்தா அப்பா செவுத்தத் தடவிகினு வர்ற சத்தம் கேக்குது. ஆனா போகப் போகச் சரியாயிடும்."

"எனக்கும் பயமாதான் இருக்கு. ரெண்டு பேரும் பயந்துகினு ஒரே வீட்ல இருக்க வேணாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு, இல்லை என்று அவர் மறுப்பதற்காகக் காத்திருந்தேன். அதற்காகத்தான் அதைச் சொன்னேனோ என்றுகூடப் பிறகு தோன்றியிருக்கிறது. அவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "சாப்பிட்டுப் போங்க" என்றேன். "இல்லங்க, வரேன்" என்றார். நடுவில் மட்டும் இருக்கிற என் பார்வையில், அவர் முதுகு தெருமுனை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மோதிரத்தையும் அவர்கள் எனக்கு எடுத்த நிச்சயப் புடவையையும் அப்பா கடலூருக்கு எடுத்துப் போனார். நாங்கள் மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டாள் அம்மா.

"என்ன சொல்லுவாங்க. சாப்பிடச் சொன்னாங்க. அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். நான் போப்பா போப்பான்னு சொல்றேன், பஸ் கெளம்பற வரைக்கும் அப்பிடியே நிக்கிறான்."

 அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று சம்பந்தம் கொண்டுவந்த அதே சொந்தக்காரர் சொன்னார். இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். எனக்கு அதற்குப் பிறகு மாப்பிள்ளை பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர்மேல் கோபம் வராதா என்று அலுவலகத் தோழி ஒருத்தி கேட்டாள். வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா சொன்னபடிதான் நடந்தது. குழாய் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு ஆள் முழுதாகத் தெரிவார், பிறகு முகம் மட்டும், இப்போது வாயைப் பார்த்தால் கண் தெரியாது. கணினியில் வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்து வேலையை விடாமல் செய்கிறேன். வெள்ளைக் கோலை மட்டும் வெகுநாள் கையில் எடுக்கவில்லை. புதுச்சேரியில் பயிற்சி எடுத்துக்கொண்டேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, அப்படியே வைத்திருந்தேன். எங்கள் தெருவில் அதை விரிப்பது என்பது, எல்லார் வீட்டுக் கதவையும் தட்டி விஷயத்தைச் சொல்வதுபோல.

போன மாதம்தான் விரித்தேன். காலை நேரம். இட்லி அரிசி வாங்கக் கீழ வீதிக்குப் போக வேண்டும். அம்மாவும் வந்தாள். நான் கோலை நீட்டித் தட்டிக்கொண்டு முன்னால் போக, அவள் பத்தடி பின்னால் வந்தாள். வேறு யாரோபோல் வந்தாள். தெருவில் பேச்சுகள் நின்று, நான் தாண்டியதும் மறுபடி தொடங்குவது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

ஒருவன் நடைபாதையின் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. என் கோல் சக்கரத்தில் பட்டது. "பாத்துப் போங்க" என்றான்.

பின்னாலிருந்து அம்மா ஓடி வந்தாள். "ஏம்ப்பா, அவளுக்குக் கண்ணு தெரியாது. கோலு வச்சிகினு வர்றது உனக்குத் தெரியலயா? எடு வண்டிய!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

என் காது கேட்க அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அம்மா அங்கேயே நின்று, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு பேருமாகப் போய் அரிசி வாங்கிக்கொண்டு வந்தோம்.